சாந்தோ ஆந்த்ரேயின் நூறு மணி நேரம்: காவல் அதிகாரிகளுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாநகரக் காவல் ஆணையர்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள், காவல் பயிற்சிப் பள்ளி முதல்வர்கள், தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்கள், யூடியூபில் செய்தி நேரலை நடத்துவோர்.

மதிப்பிற்குரியோர்க்கு வணக்கம்.

பணயக்கைதி மீட்புப் பேச்சுவார்த்தையைப் பாடமாகக் கற்பிப்பவர்களும் செய்தி அறையில் நேரலைக்குப் பொறுப்பாக இருப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். பொருள் ஒன்றுதான். ஒரு பெண்ணை அவளுக்குத் தெரிந்த ஆணே வீட்டுக்குள் அடைத்துவைத்து, வெளியே போலீஸும் கேமராவும் கூடிவிட்டால் யார் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது? பிரேசிலில் 2008 அக்டோபரில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை கொடியது. அதை நாள்வாரியாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களைக் கேட்கிறோம்.

சாவோ பாவ்லோ மாநகரை ஒட்டிய தொழில் நகரம் சாந்தோ ஆந்த்ரே. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், அக்டோபர் 13, திங்கட்கிழமை மதியம், 15 வயது மாணவி ஒருத்தியும் அவளோடு படிக்கும் மூன்று பேரும் பள்ளிப் பாடவேலை செய்துகொண்டிருந்தார்கள். அவளோடு பழகிப் பிரிந்த 22 வயது இளைஞன் ரிவால்வரோடு உள்ளே வந்தான். பையன்கள் இருவரை அன்றே வெளியே விட்டான். செவ்வாய் இரவு தோழியையும் விட்டான். புதன்கிழமை தொலைக்காட்சி அவனோடு நேரலையில் பேசியது. வியாழக்கிழமை, தப்பி வந்த அதே தோழி மீண்டும் அந்த வீட்டுக்குள் போனாள். வெள்ளி, 17ஆம் தேதி, மாலை 6 மணிக்குச் சற்றுப் பின் போலீஸ் வெடி வைத்துக் கதவைத் தகர்த்தது. மாணவிக்குத் தலையிலும் தொடை இடுக்கிலும் குண்டு பாய்ந்தது. தோழிக்கு முகத்தில் பாய்ந்தது, அவள் பிழைத்தாள். மாணவி மறுநாள் இரவு இறந்தாள். சுட்டவன் உயிரோடு பிடிபட்டான். மாணவியின் பெயரால் எலோவா வழக்கு என்று அந்நாட்டில் இன்றும் பேசப்படுவது இதுதான். 2012 பிப்ரவரியில் அவனுக்கு 98 ஆண்டு 10 மாதம் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 39 ஆண்டு 3 மாதமாகக் குறைந்தது.

நூறு மணி நேரம் இருந்தது. சிறப்பு அதிரடிப் பிரிவு இருந்தது, குறிபார்த்துச் சுடுவோர் இருந்தார்கள், பேச்சுவார்த்தை அதிகாரியும் இருந்தார். அப்படியும் கெட்டதற்குக் காரணம், வீட்டுக்குள் இருப்பவள் யார் என்பதில் போலீஸும் தொலைக்காட்சியும் ஒரே தவற்றைச் செய்ததுதான் என்பது எங்கள் முடிவு. வங்கிக் கொள்ளையன் கையில் சிக்கியவர் அவனுக்குச் செலாவணி. பணம், வண்டி, தப்பிக்க வழி என்று அவன் கேட்பது வெளியே இருக்கிறது. கைதி உயிரோடு இருந்தால்தான் அது கிடைக்கும். பிரிந்துபோன பெண்ணைத் தேடி வந்தவனுக்கு வெளியே எதுவும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது உள்ளேயே இருக்கிறது. அவளைக் கொடுத்து எதையும் வாங்க அவன் வரவில்லை. பேச்சுவார்த்தைப் பயிற்சியில் இந்த இரண்டையும் வெவ்வேறாகத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். 1973இல் நியூயார்க் காவல்துறை முதல் பேச்சுவார்த்தைக் குழுவை அமைத்த பிறகு கிடைத்த பல ஆண்டு அனுபவத்தில் பிரித்தறிந்த விஷயம் இது. முதல் வகையில் பேரம் பேசலாம். இரண்டாம் வகையில் பேரத்துக்குப் பொருளே இல்லை. அவன் கொதிப்பை இறக்குவது ஒன்றே வேலை.

எந்த வகை என்று முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துகொள்ள முடியும். பிரிவு எப்போது நடந்தது, பிரிவைச் சொன்னது யார்? இதற்கு முன் அடித்திருக்கிறானா, கழுத்தை நெரித்திருக்கிறானா? ‘நீ எனக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை’ என்ற தினுசில் மிரட்டியிருக்கிறானா? தற்கொலை செய்துகொள்வதாகச் சொல்கிறானா? ஆயுதத்தை எடுத்துக்கொண்டு வந்தானா, அல்லது அங்கே கையில் அகப்பட்டதா? காவல் நிலையத்தில் அவள் தரப்பில் பழைய மனு ஏதும் கிடக்கிறதா? இந்தக் கேள்விகளோடு இரண்டு பேர் தனித்தனியாக அவள் அம்மாவையும் தோழியையும் விசாரித்தால் போதும். பெரும்பாலும் ஆம் என்று பதில் வந்து, அவன் கேட்கும் பொருள் ஒன்றும் இல்லையென்றால், கையில் இருப்பது கொலை முயற்சி. ‘காதல் தகராறு’ என்று வயர்லெஸ்ஸில் ஒரு தடவை சொல்லிவிட்டால், அதன்பின் எல்லோருமே அந்தப் பெயரில்தான் யோசிப்பார்கள்.

சாந்தோ ஆந்த்ரேயில் அப்படித்தான் யோசித்தார்கள். முந்தைய குற்றம் ஏதும் இல்லாத 22 வயதுப் பையன், காதலில் மனம் உடைந்திருக்கிறான்; அவனைச் சுட்டிருந்தால் எங்களைத்தான் கேள்வி கேட்டிருப்பார்கள் என்ற பொருளில் அதிரடிப் படைத் தளபதி பின்னர் விளக்கம் சொன்னார். அந்தப் ‘பையன்’ அந்த நாள்களில் ஜன்னல் வழியாக வெளியே சுட்டிருந்தான்; உள்ளே அந்தப் பெண்ணை அடித்தான். சுட்டிருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜன்னலில் தலை தெரியும் கணத்தில், பக்கத்தில் கைதி நிற்கும்போது, துப்பாக்கிக் குறி எப்போதும் கடைசி வழிதான். எங்கள் குறை வேறு. அவனை அபாயமானவன் என்று மதிப்பிடாததால், மற்ற முடிவுகளும் அந்த அளவுக்கே இளகிவிட்டன.

அந்த முடிவுகளில் மிக மோசமானது தோழி திரும்பிப் போனது. வெளியே வந்த கைதி என்பவர் போலீஸுக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய தகவல் களஞ்சியம். வீட்டின் வரைபடத்தைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டச் சொல்லலாம். கதவுக்குப் பின்னால் என்ன சாத்தியிருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் எத்தனை, எந்த அறையில் யார், அவன் எங்கே படுக்கிறான், எப்போது கண் அயர்கிறான், துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கிறானா இடுப்பிலா, குண்டு எத்தனை மிச்சம், டிவி ஓடுகிறதா, யார் யாரோடு போனில் பேசுகிறான்: இத்தனையும் அந்த ஒருவரிடம் கிடைக்கும். முதலில் மருத்துவர், பிறகு இரண்டு மணி நேரம் பொறுமையான விசாரணை, அதன்பின் ஒரு பெண் காவலரோடு பாதுகாப்பான இடம், செய்தியாளர் கண்ணில் படாத இடம். நடைமுறை அவ்வளவுதான். அந்தத் தோழியைப் படிக்கட்டுவரை போய்ப் பேசத்தான் அழைத்தோம், உள்ளே போகச் சொல்லவில்லை என்றது போலீஸ். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, கதவின் மறுபக்கம் உயிர்த்தோழி, அவள் நெற்றியில் துப்பாக்கி. ‘உள்ளே வா’ என்று அவன் சொன்னால் அவள் படிக்கட்டிலேயே நின்றிருப்பாளா? பின்னாளில் நீதிமன்றம் மாநில அரசே அவளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது.

இதிலிருந்து விதி ஒன்று. விடுபட்டவர் திரும்பப் போகக் கூடாது, ஒருவருக்கு மாற்றாக இன்னொருவர் போகக் கூடாது, அது யாராக இருந்தாலும். ‘நான் போகிறேன், அவளை விடு’ என்று முன்வரும் ஊர்ப் பெரியவர், எம்.எல்.ஏ., காவல் ஆய்வாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். உள்ளே இருக்கும் ஆள்கணக்கு குறைந்துகொண்டே போக வேண்டும். கூடினால் நீங்கள் பின்னோக்கிப் போகிறீர்கள்.

உறவினரைப் பேசவிடுவதிலும் நம்மூரில் அபாயம் அதிகம். ‘அம்மா பேசினால் மனம் இளகிவிடும்’ என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். ஒலிபெருக்கியும் தயாராக இருக்கும். அவன் அம்மாவோடு அவனுக்கு என்ன கணக்கு என்று உங்களுக்குத் தெரியாது. தற்கொலை எண்ணத்தில் இருப்பவன் பலமுறை ஒரே ஒரு ஆளிடம் விடைபெறக் காத்திருக்கிறான். அந்த ஆளை நீங்களே போனில் கொண்டுவந்து கொடுத்தால் அவனுக்கு மிச்சம் வேலை எதுவும் இல்லை. வேண்டியே ஆகவேண்டும் என்றால் உறவினர் சொல்ல வேண்டியதை முதலில் எழுதி, பதிவு செய்து, பேச்சுவார்த்தைக் குழு கேட்டுவிட்டு, பிறகு ஒலிக்க விடலாம். அவள் அப்பாவையோ அண்ணனையோ கதவருகே நிறுத்தவே கூடாது. அதேபோல ‘இறங்கி வா தம்பி, பேசிச் சேர்த்து வைக்கிறோம்’ என்ற வாக்குறுதியும் வேண்டாம். அது பொய் என்று அவனுக்கும் தெரியும். பொய் என்று தெரியாவிட்டால் இன்னும் மோசம். அவளைக் கேட்காமல் அவளைக் கொடுக்கும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு என்று அவனுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

பேசவேண்டிய முறை வேறு. ஒருவர் மட்டும் பேசுவார். அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கேட்டு, துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதி நீட்டுவார். மூன்றாமவர் சுவரில் சார்ட் ஒட்டி நேரம் போட்டு எழுதுவார்: என்ன கேட்டான், என்ன சொன்னோம், குரல் ஏறியதா இறங்கியதா, அவள் குரல் கடைசியாக எப்போது கேட்டது. பேசுபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’ என்பதுதான் அவருடைய ஆகப் பெரிய ஆயுதம். அதனால் ஆணையரே மைக்கைப் பிடிப்பது தவறு. அவர் பேசிவிட்டால் அதற்குமேல் போக இடமில்லை. மரியாதையாக ‘நீங்க’ என்றோ, வயதைப் பார்த்துத் ‘தம்பி’ என்றோ அழைக்கலாம். ‘டேய்’ வேண்டாம். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் படும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வேண்டும், நடுவில் மௌனமாகவும் இருக்க வேண்டும். ‘ஏமாத்திட்டாங்கன்னு நினைக்கிறீங்க, கோபம் அடங்கல’ என்ற ஒரு வாக்கியம் பத்து அறிவுரைக்குச் சமம். சாப்பாடு கேட்டால் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஏதாவது ஒன்றைப் பெற வேண்டும். மதுவும் ஆயுதமும் எந்த விலைக்கும் கிடையாது. ‘ஆறு மணிக்குள்’ என்று கெடு வைத்தால் ஆறு மணியைப் பற்றிப் பேசாமல் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆறைக் கடக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழு மாற வேண்டும்; மாறும்போது பழையவர் புதியவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. அவனுடைய போன் போலீஸுக்கு மட்டுமே அடிக்க வேண்டும். சாந்தோ ஆந்த்ரேயில் அது நடக்கவில்லை.

செய்தி ஆசிரியர்களே, இனி உங்களிடம் பேசுகிறோம். அக்டோபர் 15, புதன்கிழமை, பிரேசிலின் தனியார் தொலைக்காட்சியான ரெடே டிவியின் பிற்பகல் நிகழ்ச்சி ஒன்று அவனோடு நேரலையில் பேசியது. அது செய்தி நிகழ்ச்சிகூட அல்ல. பொழுதுபோக்கு அரட்டை வகை. தொகுப்பாளர் அவனிடம் பரிவாகப் பேசினார், சமாதானம் சொன்னார், பெண்ணின் குரலும் ஒலிபரப்பானது. அதே நிகழ்ச்சியில் விருந்தினராக வந்த ஒரு வழக்கறிஞர், இது எல்லாம் நல்லபடியாக முடிந்து இருவருக்கும் கல்யாணம் நடக்கட்டும் என்ற ஆசையைச் சொன்னார். பெண்ணின் தலைக்கு நேரே துப்பாக்கி இருந்த நேரத்தில்! வேறு ஊடகங்களும் அவனை அழைத்துப் பேசின. அவன் வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் பிரேசிலின் கூட்டாட்சி அரசு வழக்குத் துறை அந்தத் தொலைக்காட்சியின் மேல் 15 லட்சம் ரெயால் (பிரேசில் நாணயம்) இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது.

அந்தப் பேட்டியால் என்ன கெட்டது என்பதை உணர்ச்சியோடு பேசுவதைவிட இயந்திரம்போலப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, நீங்கள் அவனோடு பேசும் நேரமெல்லாம் பேச்சுவார்த்தை அதிகாரிக்கு லைன் கிடைக்காது. இரண்டாவது, முற்றுகை என்பது களைப்பில்தான் முடியும். பேசிப் பேசி, தூக்கம் கெட்டு, கொதிப்பு இறங்கி, சலித்துப்போய் வெளியே வருவான். ஒவ்வொரு பேட்டியும் அவனுக்குப் புதுத் தெம்பு. நேற்றுவரை யாரும் சீண்டாத ஒருவனை இன்று நாடே கேட்கிறது; இறங்கி வந்தால் அந்த நிமிடமே அவன் மறுபடி யாரும் இல்லை. மூன்றாவது, பேட்டி எடுப்பவர் தெரியாமலே வாக்குக் கொடுக்கிறார். ‘உங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த முறை போலீஸ் சொல்வது அதற்கு ஒத்துவரவில்லை என்றால் போலீஸ் பொய் சொல்கிறது என்றாகும். நான்காவது, பலரும் மறப்பது. துப்பாக்கி முனையில் இருக்கும் பெண்ணிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால் அவள் சொல்லும் பதில் அவனுக்குப் பிடித்ததாக இருந்தே ஆக வேண்டும். அவன் கதையை அவள் வாயாலேயே ஊருக்குச் சொல்ல வைக்கிறீர்கள்.

பிரேசிலுக்கு இது முதல் பாடமும் அல்ல. 2000 ஜூன் 12 அன்று ரியோ டி ஜெனிரோவில் 174ஆம் எண் பேருந்தை ஒருவன் சிறைபிடித்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் நாடே நேரலையில் பார்த்தது. அவன் இறங்கியபோது போலீஸ்காரர் சுட்டது தவறிப்போய், அவனும் சுட்டதில், அவன் பிடியிலிருந்த பெண் இறந்தாள். அவன் போலீஸ் வண்டியில் மூச்சுத் திணறிச் செத்தான். எட்டு ஆண்டுக்குப் பிறகும் கேமராவை எங்கே நிறுத்துவது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. ஜெர்மனி ஒரு வழி கண்டது. 1988 ஆகஸ்டில் கிளாட்பெக்கில் தொடங்கிய வங்கிக் கொள்ளையில், கொள்ளையர்களைச் செய்தியாளர்கள் பிரெமனிலும் கொலோனிலும் சூழ்ந்துகொண்டு பேட்டி எடுத்தார்கள். ஒரு செய்தியாளர் காரில் ஏறி நகரத்தை விட்டு வெளியேற வழியே காட்டினார். இரண்டு கைதிகள் இறந்தார்கள். அதன்பின் ஜெர்மன் பத்திரிகை மன்றம், சம்பவம் நடக்கும்போது குற்றவாளியைப் பேட்டி எடுக்கக் கூடாது என்று தன் நெறிகளில் எழுதிவைத்தது. 2010 ஆகஸ்ட் 23 அன்று மணிலாவில், வேலைநீக்கம் செய்யப்பட்ட போலீஸ்காரர் பிடித்துவைத்த பேருந்துக்குள் டிவி இருந்தது. வெளியே தன் சகோதரரைப் போலீஸ் இழுத்துப்போவதை அவர் அதில் பார்த்தார். அந்த நேரத்தில் அவரோடு தொடர்பில் இருந்தது ஒரு வானொலி நிலையம். ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே செய்தி அறைக்கு நாங்கள் கேட்பது இவை. நேரலை வேண்டுமானால் காட்டுங்கள். ஆனால் தெருவின் முனையிலிருந்து, கட்டடத்தின் முகப்பும் வாசலும் ஜன்னலும் கேமராவில் படாமல். ட்ரோன் வேண்டாம். மாடியில் ஏறும் போலீஸ், பக்கத்து வீட்டு மொட்டை மாடி, ஏணி, கதவருகே குனிந்து நிற்பவர்கள் எதையும் காட்டாதீர்கள். முற்றுகை முடிந்த பிறகு அதே காட்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுங்கள். யூடியூப் நேரலையில் சில விநாடித் தாமதம் தானாகவே இருக்கும். அதை நம்பாதீர்கள், அது தப்பிக்கவோ தடுக்கவோ போதாது. கீழே ஓடும் எழுத்தில் ‘போலீஸ் உள்ளே நுழையத் தயார்’ என்று போட்டுவிட்டுக் காட்சியை மட்டும் மறைப்பதில் பயனில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியும். ஜன்னலில் தெரியும் அவள் முகத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். ‘ஒருதலைக் காதல் விபரீதம்’ என்ற தலைப்பைக் கைவிடுங்கள். ‘முன்னாள் காதலன் பெண்ணைச் சிறைப்பிடித்தான்’ என்பது நடந்ததைச் சொல்கிறது, அவனுக்குப் பரிவும் தேடித் தரவில்லை.

அவனே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால் என்ன செய்வது? இது நிச்சயம் நடக்கும், ஏனென்றால் உங்கள் எண் திரையில் ஓடுகிறது. எடுப்பவர் பெரும்பாலும் வரவேற்பில் இருப்பவரோ இரவுப் பணி உதவி ஆசிரியரோதான். ஆகவே இந்தக் குறிப்பு அவர் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். நேரத்தையும் அழைத்த எண்ணையும் எழுதுங்கள். குரலை உயர்த்தாமல், ‘உங்களோடு பேச ஒருவர் காத்திருக்கிறார், அவர் எண் இது, உடனே அவர் அழைப்பார்’ என்று சொல்லுங்கள். உள்ளே எத்தனை பேர், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்ற இரண்டுக்கு மேல் எதையும் கேட்காதீர்கள். அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். எந்த வாக்கும் வேண்டாம். நிலையத்துக்குள் யாரையும் லைனில் இணைக்காதீர்கள். அவன் வைத்தவுடன் காவல் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் அதையும் கொடுங்கள். ஒலிபரப்ப வேண்டுமா என்ற முடிவு ஆசிரியருடையது, அதுவும் அவள் வெளியே வந்த பிறகு.

நேர்மையாகச் சொன்னால், ஊடகம் சொந்தமாகத் தகவல் தேடக் கிளம்புவதற்குப் பாதிக் காரணம் காவல்துறை வாய் திறக்காததுதான். ஐந்து மணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் செய்தியாளர் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கேட்பார், அதற்கும் மேல் போனால் உள்ளே இருப்பவனையே கேட்பார். சம்பவம் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே, வீட்டிலிருந்து பார்வைக்குப் படாத இடத்தில், இரண்டு தெரு தள்ளியாவது, செய்தியாளருக்கென்று ஓரிடம் குறித்து நாற்காலியும் தண்ணீரும் மின் இணைப்பும் கொடுங்கள். மணிக்கு ஒருமுறை ஒரே அதிகாரி வந்து பேசட்டும். புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் வந்து அதைச் சொல்லட்டும். அவர் பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பவராக இருக்கக் கூடாது. அவர் சொல்வதை அவனும் கேட்பான் என்ற நினைப்போடு ஒவ்வொரு சொல்லையும் சொல்ல வேண்டும்.

இந்திய விதி ஒன்றையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சாந்தோ ஆந்த்ரே முற்றுகை முடிந்து 40 நாளில் மும்பைத் தாக்குதல் நடந்தது. அப்போது நேரலைக் காட்சிகள் பாதுகாப்புப் படையின் வேலையைக் கடினமாக்கியதை உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 29 தீர்ப்பில் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு திருத்தம் வந்தது: தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே தரலாம். நல்ல விதி. ஆனால் அதன் எல்லை தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையோடு நின்றுவிடுகிறது. ஒரு கணவன் மனைவியை அரிவாள் முனையில் வைத்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. யூடியூப் சேனல் கேபிள் விதிக்குள் நேரடியாக வரவும் இல்லை. தாஜ் ஹோட்டலுக்கு இருக்கும் பாதுகாப்பு அடுக்குமாடி மூன்றாவது தளத்துக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. ‘வீட்டு முற்றுகைக்கும் பொருந்தும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தகவல் ஒலிபரப்புத் துறைக்குத் தனியாக எழுத இருக்கிறோம். அதுவரை மாவட்ட அளவில் நீங்களே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

கடைசியாகக் கதவு. சாந்தோ ஆந்த்ரேயில் கதவுக்குப் பின்னால் மேசை சாத்தியிருந்தது. வெடித்த பிறகும் போலீஸ் உடனே உள்ளே போக முடியவில்லை. அந்த இடைவெளி அவனுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதால்தான் உடைத்தோம் என்றது போலீஸ். வெடிக்கு முன் அவன் சுடவில்லை என்றாள் உயிர் தப்பிய தோழி. இந்த முரண்பாடு ஒரு விஷயத்தைக் காட்டுகிறது: எந்தச் சத்தம் கேட்டால் நுழைவது, யார் சொன்னால் நுழைவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, கேட்கும் கருவியின் ஒலிப்பதிவும் எடுத்திருந்தால் பின்னால் வாதமே வந்திருக்காது.

நுழையும் திட்டம் இரண்டு வேண்டும். ஒன்று, வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் தயாராக வேண்டிய அவசரத் திட்டம். அவள் அலறினால், சுடும் சத்தம் கேட்டால், தீ தெரிந்தால் உத்தரவுக்குக் காத்திராமல் உள்ளே போவது. மற்றது நாமே நேரம் குறித்துச் செய்வது. அடுக்குமாடியில் மேல் வீடோ கீழ் வீடோ ஒரே அமைப்பில்தான் இருக்கும். அதைக் காலி செய்து அங்கே ஒத்திகை பார்க்கலாம், மேசையைச் சாத்தியும் பார்க்கலாம். ஒரே வாசலை நம்பாமல் இரண்டு பக்கம் ஒரே நொடியில் நுழைய வேண்டும். நம்மூர் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கதவும் ஜன்னலில் கம்பியும் உண்டு. சம்மட்டியால் இவற்றை உடைக்கும் நேரத்தில் கத்தி வேலையை முடித்துவிடும்; தீயணைப்புத் துறையின் ஹைட்ராலிக் கட்டரை முன்பே வரவழைத்து, அதே மாதிரி கிரில்லில் எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சமையலறையில் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் இருக்கும். நம்மூரில் மிரட்டல் பெரும்பாலும் துப்பாக்கியால் வருவதில்லை. சிலிண்டரைத் திறந்துவிட்டோ பெட்ரோலை ஊற்றிக்கொண்டோ தீப்பெட்டியைக் காட்டுவார்கள். வாசனை வந்துவிட்டால் வெடியும் கூடாது, வெளிச்சக் குண்டும் கூடாது, வாசலில் அழைப்பு மணியைக்கூட அழுத்தக் கூடாது. மெயின் சுவிட்சைத் தெருவிலிருந்தே துண்டிக்க வேண்டும். தண்ணீர் ஏற்றிய குழாயோடு தீயணைப்பு வீரர்கள் நுழைபவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ் இரண்டு, எந்த மருத்துவமனை, எந்த வழி என்பதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜனவரி 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்தில், மகளின் பிறந்தநாள் என்று சொல்லிக் கூப்பிட்ட 23 குழந்தைகளை ஒருவர் தன் வீட்டுக்குள் அடைத்துவைத்தார். இரவில் போலீஸ் அவரைச் சுட்டுக்கொன்றது, குழந்தைகள் அனைவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆனால் அவர் மனைவி ஊர்க்கூட்டத்தின் கையில் அடிபட்டு, மருத்துவமனையில் இறந்தார். உள்வட்டக் காவல், வெளிவட்டக் காவல் என்ற இரண்டு கயிறும் முற்றுகை முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் கோரிக்கை மூன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு ஆண், இரண்டு பெண் அதிகாரிகளுக்குப் பேச்சுவார்த்தைப் பயிற்சி கொடுத்து, அவர்கள் எண்ணைக் கட்டுப்பாட்டு அறையில் எழுதி வையுங்கள். அவன் எண்ணைப் போலீஸின் ஒரே எண்ணுக்குப் பூட்ட தொலைபேசி நிறுவனத்தில் யாரிடம், எந்தக் கடிதத்தோடு, இரவு இரண்டு மணிக்கு எப்படிக் கேட்பது என்பதை இப்போதே முடித்து வையுங்கள். செய்தி ஆசிரியர்களோடு ஒருநாள் உட்கார்ந்து, மேலே சொன்ன மேசைக் குறிப்பையும் கேமரா நிறுத்தும் தூரத்தையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். குறிப்பின் வரைவு எங்களிடம் ஒரு பக்கத்தில் தயாராக இருக்கிறது. கேட்பவர்க்கு அனுப்புகிறோம், திருத்தம் இருந்தால் சிவப்பு மையில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.